வரவேண்டியது ரூ. 11,340

அம்மாவின் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு, அட்டை முழுக்க எண்ணெய்க் கறை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: வரவேண்டியது ரூ. 11,340. 2009 ஆடி மாதம் எழுதியது. அதோடு அம்மா தட்டுவடை, அதாவது தட்டை, போடுவதை நிறுத்திவிட்டார்.

சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் வீடு. அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். தறிக்கு வேலை குறைந்த வருடங்களில் அம்மா வீட்டுப் பின்கட்டில் அடுப்பு வைத்துத் தட்டுவடை போட ஆரம்பித்தார். சேலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஊரில் சாயங்காலம் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் விற்பார்கள். சின்னத் தட்டுவடை இரண்டு. நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். ஒரு பக்கம் பச்சைச் சட்னி, இன்னொரு பக்கம் காரச் சட்னி. வாயில் முழுசாகப் போட்டுக் கடிக்க வேண்டும். வண்டிக்காரர்கள் பெரும்பாலும் தட்டுவடையைத் தாங்களே போடுவதில்லை. குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை வீடுகளில் பெண்கள் போட்டு டின்னில் கொடுப்பார்கள்.

செட்டுக்குப் போடும் தட்டுவடைக்கு ஒரு தனிப் பக்குவம் உண்டு. சட்னி பட்டவுடன் நமுத்துப்போகக் கூடாது, அதே சமயம் பல்லை உடைக்கவும் கூடாது. அம்மா பொட்டுக்கடலை மாவைக் குறைத்து, மாவில் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் பிசைவார். துணியில் தட்டி ஈரம் போகக் கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் சட்டியில் போடுவார். எட்டு வண்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் அன்றாடக் காசு. காலையில் டின் போகும், மறுநாள் காலி டின்னோடு பணம் வரும்.

அப்புறம் ஒரு பெரிய கடையிலிருந்து கேட்டார்கள். 200 கிராம் பாக்கெட்டாகப் போட்டுத் தரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அன்று பாயசம் வைத்தோம். 15 நாளில் பணம் என்றார்கள். அது ஒரு மாதமாகி, இரண்டு மாதமானது. உடைந்தது, நமுத்தது என்று மூட்டை திரும்பி வரும், அதையும் கழித்துக்கொள்வார்கள். எண்ணெயும் மாவும் வாங்க அம்மா தண்டலில் பணம் எடுத்தார். தண்டல்காரருக்கு தினமும் கட்ட வேண்டும், கடைக்காரரோ அறுபது நாள் கழித்துக் கொடுப்பார். நடுவில் வண்டிக்காரர்களுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லாமல் அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அந்தக் கடையும் கை மாறிப்போனது. பழைய பாக்கிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள் புதிதாக வந்தவர்கள்.

அம்மாவின் தட்டுவடையை யாரும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கைப்பக்குவம் இருந்தது, கேட்டு வாங்க ஆள் இருந்தது, உழைப்புக்கும் குறைவில்லை. புழங்கும் பணம் நின்றுபோனதால் தொழில் நின்றது. கணக்கு எழுதும் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு இது சரியாக விளங்கியது. இந்தப் பதினாறு வருடத்தில் எத்தனையோ சின்னத் தொழில்களின் கணக்கைப் பார்த்துவிட்டேன். முறுக்கு, ஊறுகாய், சத்துமாவு, செக்கு எண்ணெய் என்று எதை எடுத்தாலும் மூடிப்போனவற்றில் முக்கால்வாசி அம்மாவின் கதைதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தால் ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி போட்டிருக்கிறார்கள்: அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் வரை செலவாகக் காட்ட முடியாது. என்னிடம் கணக்கு எழுதும் சில கடைக்காரர்கள் அதற்குப் பிறகுதான் மார்ச் மாதம் வந்தால் சின்ன ஆட்களின் பாக்கியை முதலில் தீர்க்கிறார்கள். ஆனால் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தால்தான் கேட்க முடியும். பதிவுக்கு ஒரு பைசா செலவில்லை, ஆதாரும் பான் கார்டும் போதும். எத்தனை பேருக்கு அது தெரிகிறது?

சரி, நம்மால் ஆவது என்ன என்று ஆறு வருடத்துக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். காப்பித்தூள், வெல்லம், வத்தல், நொறுக்குத் தீனி ஆகிய நான்கையும் செய்கிறவரிடமே நேராக வாங்குவது, மாதாமாதம் ஒரே அளவில் வாங்குவது, பேரம் பேசாமல் பணத்தை முன்கூட்டியே கொடுப்பது என்று முடிவு செய்தோம். பக்கத்து வீடுகளில் சொன்னேன். நான்கு குடும்பங்கள் சேர்ந்தன. இப்போது எங்களையும் சேர்த்து ஒன்பது.

முதலில் காப்பி. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு தம்பியிடம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. மலையாளி என்ற மலைவாழ் பழங்குடிக் குடும்பம். சில்வர் ஓக் நிழலில் அராபிகா செடி, மரத்தில் மிளகுக் கொடி, நடுநடுவே ஆரஞ்சும் பலாவும். சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பார்கள். இருநூறு வருடமாக இந்த மலையில் காப்பி விளைகிறது. மலையேறிப் போகிறவர்கள் படகுத்துறையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, வேறு எங்கிருந்தோ வந்த தூளை ‘ஏற்காடு காப்பி’ என்ற பையில் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2019-ல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுதன்கிரி என்று ஐந்து மலைக் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் நம் சேர்வராயன் இல்லை.

தம்பியின் அப்பா காலத்தில் காப்பியைப் பழமாகவே விற்றுவிடுவார்களாம். சாக்கோடு வருபவர் எடை போட்ட பிறகுதான் விலை சொல்வார். பறித்த பழம் மறுநாளே புளிக்க ஆரம்பித்துவிடும் என்பதால் சொன்ன விலைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தம்பி, பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் ஒன்று, கையால் சுற்றுவது, வாங்கினார். கார்த்திகையிலிருந்து மாசி வரை பழுத்ததை மட்டும் பார்த்துப் பறித்து, தோலை உரித்து, ஓர் இரவு தொட்டியில் ஊறவிட்டு, வழவழப்பு போகக் கழுவி, பத்து நாள் காயவைக்கிறார். காய்ந்ததை மூட்டை கட்டி வைத்துவிட்டால் விலைக்குக் காத்திருக்கலாம். மாதம் ஒருமுறை கூலிக்கு வறுத்து வாங்கி எங்களுக்கு அனுப்புகிறார்.

எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒன்பது வீட்டுக்கு மாதம் அரைக் கிலோ வீதம் நாலரைக் கிலோ, வருடத்துக்கு 54 கிலோ தூள். வறுக்கும்போது ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும். ஒரு கிலோ கொட்டைக்கு ஆறு கிலோ பழம் வேண்டும். ஆக, எங்கள் ஒன்பது அடுப்படிக்கு ஏறக்குறைய 400 கிலோ பழம். தன் தோட்டத்தில் எடுப்பதில் அது கால்வாசி என்கிறார் தம்பி. ஒன்பது வீடு ஒரு தோட்டத்தில் கால்வாசியைத் தாங்க முடியும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

முதல் மாதம் வீட்டில் யாருக்கும் காப்பி பிடிக்கவில்லை. சிக்கரி போட்டே பழகிய நாக்கு. சிக்கரி கலந்த தூளில் பாதிக்குச் சற்றே கூடுதலாக, அதாவது 51 சதவீதம் காப்பி இருந்தால் போதும் என்பதுதான் விதி. பலர் வீட்டு பில்ட்டரில் இறங்குவது அந்த டிகாக்‌ஷன்தான். வெறும் காப்பித்தூளில் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கிவிடும், நிறமும் கம்மி. தம்பியிடம் சொன்னேன். அடுத்த முறை இன்னும் நைசாக அரைத்துக் கொடுத்தார். தூளை பில்ட்டரில் நன்றாக அழுத்தி, முதலில் நான்கு ஸ்பூன் வெந்நீர் மட்டும் விட்டு ஊறவைத்து, அப்புறம் மீதியை ஊற்றச் சொன்னார். வீட்டுக்காரருக்காகப் பத்துக்கு ஒன்று என்று சிக்கரியும் தனியாக வாங்கிச் சேர்த்தேன். மூன்றாவது மாதத்திலிருந்து இந்தக் காப்பி இல்லாவிட்டால் வீட்டில் சண்டை.

2022-ல் தோட்டத்தில் தண்டுத் துளைப்பான் விழுந்தது. தண்டைக் குடைந்துகொண்டு உள்ளேயே இருக்கும் வண்டுப் புழு. விழுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. புதுச்செடி காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். “அக்கா, இந்த வருஷம் பாதிதான் வரும், நீங்க வேற இடம் பாத்துக்கோங்க” என்று போன் செய்தார். ஒன்பது வீட்டிலும் கேட்டேன். ஆறு வீடு காத்திருக்கிறோம் என்றது, மூன்று வீடு அந்த வருடம் மட்டும் விலகியது. ஆளுக்குக் கால் கிலோவாகக் குறைத்துக்கொண்டு முழு வருடத்துக்கும் முன்பணம் கொடுத்தோம். புதுக் கன்றுகள் அந்தப் பணத்தில்தான் நட்டது. போன கார்த்திகையில் அவற்றில் முதல் பழம் பார்த்துவிட்டு வந்தேன்.

வெல்லத்தின் கதை வேறு. ஓமலூர் பக்கம் மார்கழியில் பஸ்ஸில் போனாலே பாகு வாசனை ஜன்னலில் ஏறும். கரும்புச் சக்கையை எரித்துக் கொப்பரையில் சாறு காய்ச்சுவார்கள். ஒரு டன் கரும்புக்கு நூறு கிலோ வெல்லம் கிடைத்தால் நல்ல கரும்பு. அங்கே காய்ச்சி உருட்டுவது செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வந்து ஏலம் போகும். உணவுப் பாதுகாப்புத் துறையினர் பொங்கலுக்கு முன்னால் ஆலைக் கொட்டகைகளில் அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) மூட்டைகளையும் வெல்லத்தை வெளுக்கவைக்கும் ஹைட்ரோஸ் மருந்தையும் பறிமுதல் செய்த செய்தியை வருடா வருடம் படித்திருப்பீர்கள். நானும் அதைப் படித்துவிட்டு, செய்கிறவர்கள் மேல்தான் கோபப்பட்டேன், ஒரு கொட்டகைக்கு நேரில் போகும் வரை.

அங்கே இருந்த பெரியவர் இரண்டு வெல்லத்தை என் கையில் வைத்தார். ஒன்று எலுமிச்சை மஞ்சள். இன்னொன்று கரும்பழுப்பு. “ஏம்மா, மண்டியில மஞ்சளுக்குத்தான் ஏலம் ஏறும். கருப்பா இருந்தா மூட்டையைப் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க. நீங்க கடையில எதை எடுப்பீங்க?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் எடுத்துக்கொண்டிருந்தது மஞ்சளைத்தான். சுண்ணாம்பும் வெண்டைச்செடிச் சாறும் விட்டு அழுக்கெடுத்துக் காய்ச்சினால் வெல்லம் கருப்பாகத்தான் வரும். வெளுப்பாக வேண்டும் என்று நாம் கேட்டோம், அவர்கள் ஹைட்ரோஸ் போட்டார்கள். மருந்தைப் பிடிப்பதற்கு அதிகாரிகள் இருக்கிறார்கள். கருப்பு வெல்லத்துக்கு விலை கொடுக்க வேண்டியது நாம்தான்.

மருந்து போடாமல் எங்களுக்கு மட்டும் ஒரு கொப்பரை காய்ச்சித் தருவீர்களா என்று கேட்டேன். ஒரு கொப்பரை என்றால் நூறு கிலோவை ஒட்டி வரும், மொத்தமாக எடுத்துக்கொள்வீர்களா என்றார். ஒன்பது வீட்டால் முடியாது. சொந்தக்காரர்கள், கணக்கு எழுத வருகிறவர்கள், அம்மாவோடு கோயிலுக்குப் போகிறவர்கள் என்று கேட்டுக் கேட்டு 32 வீடு சேர்த்தேன். வீட்டுக்கு மூன்று கிலோ. மண்டி விலைக்கு மேல் கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டிக் கொடுத்தோம். முதல் வருடம் சர்க்கரைப் பொங்கல் கருத்துப்போனது என்று நான்கு பேர் வருத்தப்பட்டார்கள். லேசாக உப்புக் கரிக்கும், மழைக்காலத்தில் இளகும், கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டாம் வருடம் வெல்லத்தோடு சேர்த்தே கொடுத்தேன். மூன்றாம் வருடம் 41 வீடு. பெரியவர் இப்போது பொங்கலுக்கு எங்களுக்கென்று ஒன்றும், தன் வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்கும் என்று இன்னொன்றும் ஆக இரண்டு கொப்பரை மருந்தில்லாமல் இறக்குகிறார். மீதி எல்லாம் மண்டிக்குப் போகும் மஞ்சள்தான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜவ்வரிசியிலும் இதே நிறப் பிரச்சினை. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டிலிருந்து வரத்து நின்றிருந்த நேரத்தில், 1943-ல், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைச் சேலத்தில் தொடங்கியவர்கள் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வடக்கே விரத நாட்களில் சாபுதானா கிச்சடிக்கு நம்மூர் மூட்டைதான் போகிறது. நாம் பாயசத்துக்கும் வத்தலுக்கும் கொஞ்சம் வாங்குகிறோம், அதிலும் பளீர் வெள்ளையைத் தேடுகிறோம்.

பொன்னம்மாப்பேட்டையில் ஓர் அக்கா வத்தல் போடுகிறார். ஆத்தூர் பக்கத்து பேக்டரியிலிருந்து வெளுக்காத மாவு ஜவ்வரிசி எடுத்து, ராத்திரி ஊறவைத்து, விடிகாலை நாலு மணிக்குப் பச்சை மிளகாய், சீரகம், உப்பு, எலுமிச்சை சேர்த்துக் கூழ் காய்ச்சி, மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் கரண்டியால் ஊற்றுவார். மாசியிலிருந்து வைகாசி வரைதான் வேலை. சித்திரையில் திடீரென்று ஒரு மழை அடித்தால் அன்றைய கூழ் முழுக்கப் போச்சு. அந்த நஷ்டத்தை அக்கா தனியாகத் தாங்கக் கூடாது என்று முன்பணத்தோடு வீட்டுக்கு ஐம்பது ரூபாய் மழைக்கென்று தனியாகக் கொடுக்கிறோம். மழை அடிக்காத வருடம் அந்தத் தொகைக்கும் வத்தல் கொடுத்துவிடுவார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

அக்காவுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துக் கொடுத்தது நான்தான். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் வருடத்துக்கு நூறு ரூபாய் கட்டணம், போட்டோவும் அடையாள அட்டையும் போதும் என்று இருந்தது. பதினான்கு இலக்க எண் வந்த அன்று அதை ஸ்டிக்கராக அடித்து முதல் பாக்கெட்டில் அவரே ஒட்டினார். பிறகு உத்யம் பதிவும் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் இந்த வேலைக்கென்று வைத்திருக்கிறேன். பதிவு, பில் புக், வரவு செலவு எழுதுவது, கடைக்குச் சரக்கு கொடுத்தால் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவது எல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மாவிடம் யாராவது கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தால் அந்த 11,340-க்கு ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

சின்னவர் செய்கிறார் என்பதற்காக எதையும் வாங்கிவிடுவேன் என்றில்லை. ஊறுகாய் போடும் ஒருவரிடம் ஒரு வருடம் வாங்கினோம். எண்ணெய் காறியது. இரண்டு முறை நேரில் போய்ச் சொன்னோம், மாற்றவில்லை, நிறுத்திவிட்டோம். ஆனால் சொல்லாமல் நிறுத்தியதில்லை. பெரிய கம்பெனிக்கு நாம் விலகினால் தெரியப் போவதில்லை. இவர்களுக்கு ஒரு வீடு விலகினாலும் ஏன் என்று ராத்திரி தூக்கம் வராது. அம்மா அப்படி விழித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விலை கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார்கள். நான்கும் சேர்த்து எங்கள் வீட்டுக்கு மாதம் முந்நூறு ரூபாய் கூடுதலாக ஆகிறது. எல்லா வீட்டாலும் முடியாது, தெரியும். முடியாதவர்கள் ஒரே ஒரு பொருளை மட்டும், ஆனால் பன்னிரண்டு மாதமும் வாங்கினால் போதும். தீபாவளிக்கு மட்டும் ஐந்து கிலோ கேட்பதைவிட மாதம் கால் கிலோ அவர்களுக்குப் பெரிய உதவி. தீபாவளி ஆர்டருக்குக் கடன் வாங்கி எண்ணெய் டின் எடுக்க வேண்டும். மாதம் கால் கிலோவுக்கு அது வேண்டாம்.

போன மாசியில் வத்தல் அக்காவுக்கு முன்பணம் கொடுக்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போனேன். எழுபத்தொரு வயது, மாடி ஏற முடியாது. கீழே திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். நான் பணத்தை எண்ணிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, திரும்பி வரும்போது ஆட்டோவில், “சரக்கு வாங்காமலேயே பணம் கொடுக்கறயா கண்ணு?” என்றார். ஆமாம்மா என்றேன். குகை வரும் வரை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கடலைப் பருப்பை ஊறவைக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் பதினைந்து வருடத்துக்குப் பிறகு தட்டுவடை போட்டார். ஒரே ஒரு சட்டி. இப்போது மாதம் ஒரு முறை, முதல் சனிக்கிழமை, ஒன்பது வீட்டுக்கும் கால் கிலோ. மாவு பிசைவது நான், தட்டுவது அம்மா. பணத்தை நான் வாங்குவதில்லை. அம்மா கையில் நேராகக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் முதல் நாளே.